பாவும் பவனியும்



காஞ்சிபுரத்து விழாக்களைப் பற்றிப் பேசப் புகுவோர் கோபுரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் அவையில் அவ்வழக்கத்தைச் சற்றே மாற்றித் தெருவிலிருந்து தொடங்கலாம். காஞ்சியில் விழா என்பது தெய்வம் தன் இல்லம் நீங்கித் தெருவுக்கு வரும் நிகழ்ச்சி. அத்தெருவோ நெசவாளனுக்குப் பணிக்கூடம். ஒரு தெருவை இருவர் பகிர்ந்துகொண்டு வாழும் முறையே இவ்வுரையின் பொருள்.

தமிழிலக்கியத்தில் இந்நகருக்கு இரண்டு முகங்கள் உண்டு. பெரும்பாணாற்றுப்படை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனின் கச்சியைப் பலரும் வந்து தொழும் விழாக்களால் மேம்பட்ட பழைய ஊர் என்று போற்றினார். மணிமேகலை காட்டும் காஞ்சியோ மழையின்றிப் பசியால் வாடிய நகரம். அங்கேதான் அமுதசுரபி பலருக்கும் சோறு வழங்கிற்று. அதே காப்பியத்தில் இந்திரவிழாவை மறந்த புகார் நகரம் கடலுக்கு இரையாயிற்று என்ற செய்தியும் வருகிறது. விழாவின் நகரம் ஒன்று, பசியின் நகரம் ஒன்று. இவை இரண்டும் வெவ்வேறு காலத்துக் காஞ்சிகள் என்று இலக்கிய வரலாறு கூறும். நெசவாளர் தெருவில் நின்று பார்ப்பவருக்கு ஒரே ஆண்டின் இரு பருவங்களாக அவை தோன்றக்கூடும்.

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் விடியற்காலையில் பாவு விரிக்கும் காட்சியைக் கண்டவர் பலர் இவ்வவையில் இருக்கக்கூடும். ஏறத்தாழ மூன்று சேலைகளுக்குரிய நீளமான பட்டுப்பாவைத் தெருவின் நெடுக இழுத்துக் கட்டுகிறார்கள். ஒட்டிய இழைகளைப் பிரிக்கிறார்கள். அறுந்த இழைகளை முடிகிறார்கள். கஞ்சி ஏற்றி இளவெயிலில் உலர விடுகிறார்கள். வீட்டுக்குள் இவ்வளவு நீளத்துக்கு இடம் இல்லை. ஆகவே தெரு வேண்டும். வெயில் ஏறினால் இழை முறுகும். வண்டிகள் ஓடத் தொடங்கினால் வழி அடைபடும். ஆகவே விடியல் வேண்டும். ஒருவர் பாவுக்கு அண்டைவீட்டார் கை கொடுப்பார்கள். நாளை அவர்கள் பாவுக்கு இவர் கை கொடுப்பார். சுருட்டிய பாவு வீட்டுக்குள் போனபின், தறியில் எஞ்சி நிற்கும் பழைய பாவின் நுனிகளோடு புதிய இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைக்கும் வேலை தொடங்கும். பல நூறு அல்ல, பல்லாயிரம் இழைகள்.

நன்னூலார் சொற்களைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும் புலவனை நூற்கும் மகளாகவும் உருவகம் செய்தார். நூல் என்னும் சொல்லே இரண்டுக்கும் பொது. நூற்பவள் இலக்கணத்துள் இடம் பெற்றுவிட்டாள். தெருவில் பாவு விரிப்பவன் இன்னும் வாசலிலேயே நிற்கிறான்.

இனி விழாக்காலம் என்பது இவர்களுக்கு எப்பொழுது என்று நோக்க வேண்டும். நாடு முழுவதும் பண்டிகையும் திருமணமும் கொண்டாடும் மாதங்களே காஞ்சித் தறிகளுக்கு வேலை மாதங்கள். தீபாவளிக்குச் சேலை கடைக்குப் போய்ச் சேரவேண்டுமாயின் அதற்கு முன்னரே தறியிலிருந்து அறுபடவேண்டும். கூட்டுறவுச் சங்கங்களின் தள்ளுபடி விற்பனையும் நெசவாளர்க்குரிய போனசும் அவ்வமயத்தில் வருவன. ஆனால் தீபாவளி ஐப்பசியில் வருகிறது, ஐப்பசி அடைமழைக்காலம். காஞ்சியில் பெரும்பாலானவை குழித்தறிகள். நெசவாளன் கால் தொங்கும் குழியில் ஊற்று நீர் கசிந்து நின்றால் நெசவு நிற்கும். பட்டு ஈரம் தாங்காது. ஊரெல்லாம் வெடி வெடிக்கும் நாளில் குழியிலிருந்து தண்ணீரைச் சொம்பால் மொண்டு கொட்டும் வீடுகள் உண்டு என்பதைத் தீபாவளி மலர்கள் எழுதுவதில்லை.

கூலி சேலைக்கு உரியது, நாளுக்கு உரியதன்று. நெய்யாத நாள் கூலியற்ற நாள். தனியாரிடம் நெய்பவர் பலர் முன்பணம் வாங்கியவர்கள்; அக்கடன் தீரும்வரை வேறு இடத்துக்கு நகர இயலாது. கரையும் உடலும் வெவ்வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும்; தறியில் இருவர் அமர வேண்டும். அந்த இரண்டாவது ஆள் முன்னாளில் பெரும்பாலும் சிறுவனாகவே இருந்தான். பள்ளிக்கூடம் அறியாத அச்சிறுவர்க்குக் கோடை விடுமுறை என்ற ஒன்று இல்லை. அரசு விடுமுறைப் பட்டியல் அவர்களைக் குறித்து எழுதப்பட்டதன்று. அமாவாசையன்று தறியில் அமராத வழக்கம் நெசவாளர் பலரிடம் உண்டு. அதை விட்டால் தறியை நிறுத்தும் உரிமை தெருவில் வரும் சாமிக்கே இருந்தது. முதலாளி கேட்டால் “சாமி வருகிறது” என்று சொல்லலாம். அந்தச் சொல்லுக்கு மறுசொல் இல்லை. விழாவின் சமூகப் பயனை ஆராய்வோர் இந்த ஒரு வசதியைக் கணக்கில் கொள்வார்களாக.

அவ்வாறு தறிகளை நிறுத்தும் நாட்களுள் தலையாயது வைகாசிப் பெருவிழாவின் மூன்றாம் நாள் காலையில் நிகழும் கருடசேவை. சின்னக் காஞ்சியில் வரதராசப் பெருமாள் இருள் பிரியாமுன்னரே கருடன்மேல் எழுந்தருளிப் புறப்படுகிறார். பெரிய காஞ்சியின் கங்கைகொண்டான் மண்டபம் வரை சென்று திரும்பும் நெடிய பவனி அது. வழியில் காந்தி சாலை. இருமருங்கும் பட்டுக்கடைகள், கண்ணாடிப் பெட்டகங்களுக்குள் சேலைகள். அக்கடைகளின் வாசற்படிகளில் அன்று நிற்போருள் அச்சேலைகளை நெய்த குடும்பங்களும் உண்டு. ஆண்டின் பிற நாட்களில் அவ்வாசலில் நிற்க அவர்களுக்கு வேலை இல்லை.

அந்நாளில் ஒரு சிறு நிகழ்ச்சி நடைபெறுகிறது. கோபுர வாயிலில் பெருமாளைக் காண மக்கள் நெருங்கி நிற்கும்பொழுது, பெருங்குடைகள் ஒரு கணம் சாய்ந்து அவரை மறைத்துவிடுகின்றன. தொட்டாசாரியார் சேவை என்று அதற்குப் பெயர். சோளிங்கபுரத்தில் வாழ்ந்த தொட்டாசாரியார் ஆண்டுதோறும் கருடசேவைக்கு வருபவர். ஓராண்டு வர இயலாமற் போகவே, தம்மூர்த் தக்கான் குளக்கரையில் நின்று உருகினார். வரதர் அக்கணமே அங்கே தோன்றிக் காட்சியளித்தார் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. அவர் வடமொழியில் பாடிய தேவராச பஞ்சகம் அக்காட்சியின் பயன் என்பர். குடை மறைக்கும் அக்கணத்தில் பெருமாள் சோளிங்கருக்குப் போய்விட்டதாக ஐதிகம். வந்து குவிந்தோர் எத்தனை ஆயிரவராயினும், வர இயலாத ஒருவர்க்காக அவர்கள் ஒரு கணம் காத்திருக்கவேண்டும். நம்பிக்கையை ஒருபுறம் வைத்தாலும், இவ்வளவு நாகரிகமான ஒரு சடங்கு வேறெந்த ஊர் விழாவிலேனும் உண்டா என்பது ஐயமே.

வைணவத் திருவுலாவில் தமிழுக்குரிய இடம் இவ்வவையோர் அறிந்ததே. திவ்வியப் பிரபந்தம் ஓதுவோர் பெருமாளுக்கு முன்னே செல்வர். வேதம் ஓதுவோர் பின்னே வருவர். தமிழ் முன்செல்லத் தெய்வம் அதன் பின்செல்கிறது என்று மேடைதோறும் பெருமிதத்தோடு பேசப்படும் செய்தி இது. பேசப்படாத பாதியும் ஒன்று உண்டு. காஞ்சி வரதர் கோயிலில் அத்தமிழை ஓதும் உரிமை யாருக்கு என்பதில் தென்கலையார்க்கும் வடகலையார்க்கும் நேர்ந்த பிணக்கு ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலேயே வழக்குமன்றம் ஏறியது. 2022ஆம் ஆண்டிலும் சென்னை உயர்நீதிமன்றத்தில் அது பேசப்பட்டது. இன்னார் பக்கம் நியாயம் என்று கூற இவ்வவை உரிய இடமன்று. ஆயினும் கவிஞர்கள் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. முன்வரிசையில் யார் நிற்பது என்ற வழக்கு வளர வளர, முன்வரிசையில் ஓதப்படும் பாட்டு தெருவோரத்தில் நிற்போர் செவிக்கு எட்டுகிறதா என்ற கேள்வி தேய்ந்துவிட்டது. பாசுரம் பாடப்படுகிறது; வெடியும் ஒலிபெருக்கியும் அதை விழுங்குகின்றன. ஆழ்வார் பாட்டு ஆழ்வார் காலத்துத் தெருவில் கேட்டதுபோல இன்று கேட்கவேண்டுமாயின், முதலில் வேண்டப்படுவது தீர்ப்பு அன்று, சிறிது அமைதி.

ஊரெல்லைக்குள் நில்லாது நெடுந்தொலைவு செல்லும் பவனிகளும் காஞ்சிக்கு உண்டு. சித்திரை முழுநிலா நாளில் வரதர் ஐயங்கார்குளத்துக்கு எழுந்தருளுகிறார். அங்கே நடவாவி என்னும் கிணறு. நடந்து இறங்கும் வாவியாதலின் அப்பெயர். படிகளின் வழியே நிலத்தடிக்குள் இறங்கினால் நடுவே கிணறும் அதனைச் சூழ்ந்து தூண் மண்டபமும் காணலாம். ஏனைய நாட்களில் நீருக்குள் கிடக்கும் அம்மண்டபத்தை, நீரை இறைத்து விழாவுக்கு ஆயத்தப்படுத்துகிறார்கள். கருவறை உயரத்திலிருந்து அருள்புரியும் பெருமாள் அன்றிரவு மக்களோடு மக்களாகத் தரைக்குக் கீழே இறங்கிக் கிணற்றை வலம் வருகிறார். பின்னர்ப் பாலாற்றுக்குச் செல்கிறார். ஆற்றில் பெரும்பாலும் மணல்தான். காஞ்சிப் பட்டின் நிறப்பொலிவுக்குப் பாலாற்று நீரே காரணம் என்று முதியோர் கூறுவர். நந்திமலையில் பிறந்து வரும் அவ்வாறு 2021ஆம் ஆண்டு நவம்பர் வெள்ளம் போல அரிதாகவே கரை தொட்டு ஓடுகிறது. மணலில் பந்தலிட்டு ஆற்றுத் திருவிழா கொண்டாடும் மக்களை ஏளனம் செய்வதற்கில்லை. ஆறு இங்கே இருந்தது என்று ஆண்டுக்கொருமுறை நினைவூட்டுவதற்கு அவ்வூரில் வேறு யார் இருக்கிறார்கள்?

மாட்டுப் பொங்கலன்று நிகழும் பார்வேட்டை இன்னும் நெடிய பயணம். பழையசீவரத்து மலைமேல் வரதர் எழுந்தருளிப் பின்னர் ஆற்றைக் கடந்து திருமுக்கூடலில் சுற்றுவட்டாரத்துப் பெருமாள்களோடு கூடுகிறார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் அது. அங்குள்ள கோயிலில் வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, 15 படுக்கைகள் கொண்ட மருத்துவச்சாலையையும் மாணவர்க்குரிய பள்ளியையும் அவற்றுக்கான செலவையும் நெல் அளவு முதலாக விரித்துரைக்கிறது. விழாவுக்குச் செல்லும் கவிஞர்கள் அச்சுவரின் முன் சிறிது நேரம் நிற்பது நலம். கோயில் பெருமையைப் பாட அடுக்குமொழி தேவையில்லை; நோயாளிக்கு எத்தனை படுக்கை என்று எழுதினாலே போதும் என்பதை அக்கல் கற்பிக்கும்.

ஏகாம்பரநாதர் கோயிலின் பங்குனி உத்திரம், மாவடியில் நிகழ்ந்த தெய்வத் திருமணத்தின் நினைவு. அன்று மணமக்கள் பலர் அங்கே மணம் முடிக்கின்றனர். மாசியில் காமாட்சியம்மனின் வெள்ளித்தேர். ஆடியில் உள்தெருக்களின் அம்மன் கோயில்தோறும் கூழ்வார்த்தல். கோடையில் சுற்றுப்புறச் சிற்றூர்களில் திரௌபதியம்மன் விழா: பகலில் வில்லிபாரத விரிவுரை, இரவில் கூத்து, அருச்சுனன் தபசு மரம் ஏறுதல், இறுதியில் மண்ணால் செய்த துரியோதனன் படுகளம். அச்சேறிய தமிழைப் படிக்க அறியாத மக்களும் விடியவிடியத் தமிழ் கேட்கும் இடம் அது ஒன்றே. புஞ்சரசந்தாங்கலில் கூத்தர் பெ. இராசகோபால் முதலியோர் சிறுவர்க்குக் கட்டைக்கூத்துடன் பள்ளிக்கல்வியும் கொடுத்து நடத்திய குருகுலம் 2020இல் மூடப்பட்டது. அது குறித்துத் தனியே ஓர் உரை வேண்டும்.

இவ்வளவும் கூறியபின் அத்திவரதரைக் குறிப்பிடாது போவதற்கில்லை. ஆனந்தசரசுக் குளத்தின் அடியில் கிடக்கும் அத்திமரத் திருமேனி நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளிவரும் விழா 1939, 1979 ஆகிய ஆண்டுகளை அடுத்து 2019ஆம் ஆண்டு சூலை 1 முதல் ஆகத்து 17 வரை நிகழ்ந்தது. சூலையில் கிடந்த கோலம், ஆகத்தில் நின்ற கோலம். வந்தோர் தொகை ஒரு கோடிக்கு மேல் எனக் கணக்கிட்டனர். நெரிசலில் உயிர்கள் பிரிந்த துயரமும் நேர்ந்தது. காஞ்சியின் பெயர் உலகெங்கும் ஒலித்த 48 நாட்கள் அவை. ஆயினும் ஊர்க்கண் கொண்டு பார்த்தால் அது வேறு வகை விழா. அங்கே தெய்வம் தெருவுக்கு வரவில்லை; உலகம் தெருவழியே தெய்வத்தினிடம் சென்றது. தெரு, தடுப்புக் கட்டைகளுக்கிடையே நகரும் வரிசையாயிற்று. ஊர்மக்கள் தம் வீட்டுக்குப் போகவே வழி கேட்கும் நிலை வந்தது. வியப்பின் அளவால் அது பெருவிழா. ஆனால் நடக்க முடியாத கிழவியின் வாசலில் நின்று கற்பூரம் பெற்றுச் செல்லும் சிறு கோயில் பிள்ளையாரின் உலா, விழா என்னும் சொல்லுக்கு அதைவிட நெருங்கியது என்றே தோன்றுகிறது. அடுத்த அத்திவரதர் விழா 2059இல். பிள்ளையார் அடுத்த ஆண்டே வந்துவிடுவார்.

அவரும் வராத ஆண்டுகள் இருந்தன. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா நோயின் காரணமாக ஊரடங்கு. வைகாசியில் கருடன் தெருவுக்கு வரவில்லை. திருமணங்கள் சுருங்கின, பட்டுக்கடைகள் அடைபட்டன, விற்காத சேலை கிடங்கில் தேங்கவே புதுப் பாவுக்கு நூல் வரவில்லை. தறிகள் ஓய்ந்தன. முன்னரும் விழாநாளில் தறி ஓய்ந்ததுண்டு. அந்த அமைதியில் குழந்தைகளின் கூச்சலும் நாகசுரமும் கேட்கும். இந்த அமைதியில் ஒன்றும் கேட்கவில்லை. விடுமுறைக்கும் வேலையின்மைக்கும் புறத்தே வேறுபாடு தெரியாது; இரண்டிலும் தறி அசையாது. உள்ளே அடுப்பு எரிகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். பெரும்பாணாற்றுப்படையின் நகரமும் மணிமேகலையின் நகரமும் ஒரே தெருவில் இருக்கக் கண்டவர்கள் அவ்வாண்டுகளில் அங்கே வாழ்ந்தவர்கள். 2022இல் கருடசேவை மீண்டது. தறிக்குத் திரும்பாமல் தொழிற்சாலை வேன்களில் ஏறிச் சென்ற இளைஞர்களும் உண்டு. அவர்களுக்குச் சீருடை உண்டு, மாதச் சம்பளம் உண்டு, அரசு விடுமுறையும் உண்டு. அவர்களைக் குறை கூறுவோர் ஒருமாதம் குழித்தறியில் அமர்ந்துவிட்டுப் பின்னர்க் கூறலாம். ஆனால் விடியலில் பாவு விரிக்க நான்கு கை வேண்டும். கை குறையக் குறையப் பாவு தெருவை விட்டு விலகுகிறது. ஆள் இல்லாத தெருவில் சாமியைத் தூக்கவும் தோள் கிடைப்பதில்லை. ஒன்றன் தேய்வில் மற்றதன் தேய்வும் அடங்கியிருக்கிறது.

இவற்றைக் காஞ்சியின் கவிதை எழுதியிருக்கிறதா? கோபுரங்களைப் பாடிய பாடல்களுக்குக் குறைவில்லை. குமரகோட்டத்தில் கச்சியப்பர் கந்தபுராணத்தை அரங்கேற்றியபொழுது முதற்பாட்டின் புணர்ச்சிக்கே இலக்கணத் தடை எழுந்ததென்றும், வீரசோழியத்தில் விதி காட்டிய பின்னரே அவை அமைதியுற்றதென்றும் மரபு கூறும். ஒரு புணர்ச்சிக்காக வழக்காடிய ஊர் இது. அவ்வூரில் பிறந்து தமிழ் மேடையையே மாற்றிய அறிஞர் அண்ணா நெசவாளர் குடியில் தோன்றியவர். அவ்வாறிருந்தும், நெசவாளன் குரலில் தறியையும் தெருவையும் விழாவையும் பேசும் ஒரு கவிதைத் தொகுதியின் பெயரை எளிதாகச் சொல்ல இயலவில்லை. காஞ்சி நெசவாளன் வாழ்வைக் கதையாக்கிய திரைப்படம்கூட 2008இல் பிரியதர்சன் இயக்கத்தில்தான் வந்தது.

கவிஞர்க்கு இவ்வூர் விழாவில் தனித்த இடம் உண்டு என்பதைக் காட்டும் ஒரு நாள் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணன், பல்லவ மன்னன் தன்னைப் பாடுமாறு பணித்தபொழுது மறுத்தார். மன்னன் அவரை நாடு கடத்தினான். சீடர் புறப்பட ஆழ்வாரும் புறப்பட்டார். ஆழ்வார் கேட்டுக்கொள்ளவே, திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளும் தம் அரவப் பாயைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பின்னே நடந்தார். அன்றிரவு அவர்கள் தங்கிய இடம் ஓரிரவு இருக்கை, இன்றைய ஓரிக்கை. தெய்வம் நீங்கிய நகரம் இருளடைய, மன்னன் ஓடிவந்து வேண்டினான், அவர்கள் திரும்பினார்கள். சொன்னவண்ணம் செய்தவர் என்ற பெயர் பெருமாளுக்கு வாய்த்தது. திரும்பிப் படுத்த அடையாளமாகத் திசை மாறிக் கிடக்கிறார் என்பர். மன்னனைப் பாட மறுத்த ஒரு கவிஞனின் வெளிநடப்பை ஊரே விழாவாகக் கொண்டாடுவது அரிது. தை மகத்தன்று யதோக்தகாரிப் பெருமாள் இன்றும் ஓரிக்கைக்கு எழுந்தருளுகிறார். கருடசேவைக் கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்கும் அங்கே இருப்பதில்லை.

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இலக்கிய வட்டம் தன் தை மாதக் கூட்டத்தை அந்நாளில் ஓரிக்கையில் வைத்துக்கொள்ளலாம். மேடை வேண்டா, தலைமையுரை, வாழ்த்துரை வேண்டா, மன்னர் எவரையும் பாடாதிருத்தல் ஒன்றே நிபந்தனை. நெய்பவர் வீட்டுத் திண்ணை ஒன்றைக் கேட்டுப் பெற்று, எழுதியவற்றை அவ்வீட்டார் முன் படித்துக்காட்டலாம். பெருமாள் வருமுன் தறி ஓடிக்கொண்டிருக்குமாயின், சற்று உரக்கப் படிக்க வேண்டியிருக்கும்.